முதுகு இறுகுகிற வீட்டிலிருந்து

என் பூரணம்,

உயிரோடு இருந்தபோது உன்னைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே குறைவு. "இஞ்சேர்" என்றால் போதும், குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாய். இப்போது "இஞ்சேர்" என்று கூப்பிட்டால் யார் வரப்போகிறார்கள்? அதனால் பெயரையே எழுதிவிட்டேன். மற்றவர்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும். விடியப்புறத்தில் முதுகு பிடித்துக்கொண்டு எழும்புகிற ஒரு பொடியன் வேறு எந்த வீட்டிலாவது இருந்தால், அந்த வீட்டுக்காரருக்கும் இது தெரியத்தான் வேண்டும்.

உனக்கென்ன, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இங்கே கிடந்து உத்தரிக்கிறது நான்தான். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபத்தில்தான் சொல்லுகிறேன்.

நீ முதலில் ஊர்ப் புதினம் கேட்பாய். வெள்ளைக்காரனுடைய சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. குண்டுக்குப் பயந்து ஓடின சனம் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூரையில் கிழக்குப் பக்கத்து ஓடுகள் மட்டும்தான் போயின, அதை எங்கள் மகன் ராசன் தென்னங்கிடுகு போட்டு அடைத்துவிட்டான். துறைமுகம் நிறையக் கப்பல் நிற்கிறதாம், கொடிமரக் காடு போலத் தெரிகிறதாம். நான் கண்டது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சப்பாத்துகளைத்தான். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. அதில் பாதி கல். கல் பொறுக்குவதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை, எப்படியும் குனிந்தபடிதானே இருக்கிறேன்.

வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக என் கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் என் முதுகு வளைந்தபடியே இறுகிப்போய்க் கிடக்கிறது. கழுத்தைத் திருப்ப ஏலாது. பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டுமானால் முழு உடம்போடும் திரும்பவேண்டும். வானம் பார்த்து வருஷக்கணக்காகிறது. துறைமுக வாசலுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் மணிக்கூடு திருத்துகிறேன். தலையைத் தூக்கு என்று யாரும் கேட்காத தொழில் அது ஒன்றுதான். தோள்மூட்டுகள் இரண்டும் மட்டும் இறுகாமல் இன்னும் எனக்கு மிச்சம், கையைத் தூக்க ஏலும்.

சித்திரையில் குண்டு விழுந்த அந்தக் காலையை நினைக்கிறாயா? குண்டு வருகிறது என்று ஊதல் ஊதினது. நீ என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் பதுங்கு குழியில் இறக்கினாய். ஊர் முழுக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்ணில் நிழல் ஓடினது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆகாயச் சண்டை.

"என்னடி வருது?" என்று கேட்டேன்.

"இலையான் மொய்க்கிற மாதிரிப் பிளேன் வருது. எண்ண ஏலாது. ஐயோ, குனியுங்கோ, குனியுங்கோ!"

"குனியவோ? அடி விசரி, நான் எப்ப நிமிர்ந்தனான்?"

நீ சிரித்துவிட்டாய். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி வெடித்து மண் அதிர, நாங்கள் இரண்டு பேரும் குழிக்குள் இருந்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த மனுசி எங்கே போனாள் பூரணம்? யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு ஊரே ஓடினது. நாங்களும் ராசனோடு வள்ளத்தில் ஏறி மூதூருக்குப் போனோம். கடைக்கு அடிக்கடி வந்து போன பழக்கத்தில் காசிம் காக்கா தன் தென்னந்தோட்டத்து வீட்டில் இடம் தந்தார். "இது உங்கட ஊடுதான், யோசிக்காதீங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னார். அந்தத் தோட்டத்தில் குண்டு விழவில்லை. காதுக்குள் ரீங்காரித்துக் கடிக்கிற நுளம்பு இருந்தது. குளிர் காய்ச்சல் வந்து, விட்டுவிட்டு நடுங்கி, ஒரு மத்தியானம் நீ கண்ணை மூடிவிட்டாய். குண்டுக்குத் தப்பி வந்து நுளம்புக்குச் செத்தவள் என்று சொன்னால் ஆர் நம்புவான்? காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எங்கே கிடைத்தது, எல்லாம் பட்டாளத்துக்குத்தான்.

உன்னை முற்றத்தில் கிடத்தியபோதுதான் உன் முகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக நீ எனக்கு இரண்டு பாதமும் ஒரு சேலைக் கரையும் ஒரு குரலும். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால் என் முன்னால் குந்தி இருந்து, அண்ணாந்து பார்த்துக் கதைப்பாய். அப்போது பார்ப்பேன், ஆனால் வெட்கப்பட்டுக் கண்ணை எடுத்துவிடுவேன். அன்றைக்கு எடுக்கவில்லை. உன் நெற்றியோரத்து மயிரில் நரை விழுந்திருந்ததே, எனக்குத் தெரியாது. நான் அழுதது உன் நெற்றியில் விழுந்தது, துடைக்கக்கூட மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் நிமிர்ந்து நின்றதைக் கண்டவர்களில் மிஞ்சியிருந்தவள் நீ ஒருத்திதான். கலியாணத்தன்று எனக்கு உன்னைவிட ஒரு சாண் உயரம் கூட. அதைத் தெரிந்த ஆள் இனி இந்த உலகத்தில் இல்லை. நான் சொன்னாலும் நம்பப்போகிறார்களா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். இந்தப் பக்கத்துச் சனம் செத்தவர்களுக்குக் கடன் கழிக்கப் போகிற அதே வெந்நீர்க் கிணறுகளுக்குத்தான் முதுகு பிடிப்புக்காரரும் மூட்டு வலிக்காரரும் போய்ச் சுடுதண்ணீர் வார்த்துக்கொண்டு வருகிறார்கள். என் முதுகுக்காக நீயும் நானும் எத்தனை தரம் அங்கே மாட்டுவண்டியில் போயிருப்போம்! அன்றைக்கு ஐயர் மந்திரம் சொல்ல, நம்முடைய ராசன் கிணற்றில் வாளியை விட்டுக் குனிந்து தண்ணீர் அள்ளினான். எனக்கு அவனுடைய காலும் கையும் நன்றாகத் தெரிந்தன. குனிந்தவன் சும்மா நிமிரவில்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றினான், மற்றக் கையைத் தொடையில் ஊன்றினான், தன் காலிலேயே கையால் ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்ந்தான்.

அவன் வயதில் நான் அப்படித்தான் எழும்பினேன்.

"என்னடா, முதுகோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அப்பா. குனிஞ்சபடி கப்பலிலை துரு சுரண்டுறம் எல்லோ. வேலைப் பிடிப்பு."

"வேலை செய்யேக்கையோ நோகுது?"

அவன் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தான். "இல்லை. படுத்தாத்தான் நோகுது. விடியக்காத்தாலை கட்டை மாதிரி விறைச்சுப்போய் இருக்கும். நடந்து திரிஞ்சா, வேலை தொடங்கினா, விட்டிடும்."

"எவ்வளவு காலமா?"

"சண்டை தொடங்க முதலே இருக்கு. அம்மாவுக்குத் தெரியும். அவதான் தலையணை தைச்சுத் தந்தவ."

உனக்குத் தெரியும்! என்னிடம் சொல்லவில்லை, பார். என் மனம் உடைந்துவிடும் என்று பயந்திருப்பாய். இல்லாவிட்டால் நீயும் வேலைப் பிடிப்பு என்றுதான் நினைத்தாயோ? பாடுபட்ட முதுகு படுத்தால் ஆறும். இது படுத்தால்தான் கடிக்கும். அந்த வித்தியாசம் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஊரில் எலும்புக்கு வருகிற எல்லா வருத்தத்துக்கும் ஒரே பெயர்தானே, வாய்வு. நிலக்கரி சுமக்கிறவனுக்கு முழங்கால் மூட்டுச் சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசினாலும் வாய்வு. கிழவிக்கு விரல் கணு வீங்கினாலும் வாய்வு. தென்னையிலிருந்து விழுந்தவன் கைமுறிவுக்குப் பத்துப் போட்டு மட்டை கட்டின பிறகு மழைக்கு நொந்தாலும் அதுவும் வாய்வு. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே ஒத்தடம், "ஆறுதலாப் படு, அசையாதை" என்கிற ஒரே புத்திமதி. எனக்கும் அதையே சொன்னார்கள். நீ சீதனமாகக் கொண்டுவந்த சாய்மனைக் கதிரையை விறாந்தையில் போட்டு, என்னை அதில் இருத்தி, இலவம் பஞ்சுத் தலையணை பிடரிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தாய். பஞ்சு அமுங்கினால் பிரித்து மறுபடி அடைப்பாய். வளைந்து கிடந்தால் வலி குறையும், நிமிர்ந்தால் கூடும். குறைகிற பக்கம் போகாமல் ஆர் கூடுகிற பக்கம் போவான்? அக்கம்பக்கத்துப் பெண்டுகள் "புருசனை இப்பிடித் தாங்கிறவளை நாங்கள் கண்டதில்லை" என்பார்கள். அது பொய்யும் இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு நீ அழக்கூடாது.

அந்தியேட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பி, கடையையும் திறந்த பிறகு, கப்பற்படை டாக்குத்தர் ஒருவர் மணிக்கூடு திருத்த வந்தார். என்னிடம் இருக்கிற துறைமுகத்து இங்கிலீசு அவரோடு கதைக்கப் போதும். மணிக்கூட்டை நீட்டினவர், நான் அதை வாங்க முழு உடம்போடும் திரும்பினதைக் கண்டதும் கையைத் திருப்பி இழுத்துக்கொண்டார். என் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வயிறுதான் எழும்பினது, நெஞ்சு அசையவில்லை. விலா எலும்புகளும் முதுகோடு இறுகிவிட்டனவாம். "கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க ஏலாமல் இருந்ததுண்டா?" என்று கேட்டார். "இருபது, இருபத்திரண்டு வயதில் தொடங்கினதா? அதிகாலையில் விறைப்பா?" சாதகம் வாசிக்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பயமே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு எலும்புப் படம் பிடித்தார். என்னுடைய எலும்பை நானே பார்த்தேன் பூரணம். ஒரு வெளிச்சப் பெட்டியில் மாட்டி விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மனுசனுடைய முதுகு ஒரே எலும்பு இல்லையாம். சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மெத்தை மாதிரிச் சவ்வு வைத்து, சுற்றிவர நார்களால் கட்டியிருக்கிறதாம். அதனால்தான் சனம் குனிகிறது, நிமிர்கிறது, திரும்பிப் பார்க்கிறது. என்னுடைய வருத்தம் முதலில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டில் அழற்சியாகத் தொடங்குமாம். அழன்ற நாரெல்லாம் ஆறுகிறபோது எலும்பாக மாறிவிடுமாம். பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறும். தேய்கிற எலும்பு ஒரு வருத்தம், வளரக்கூடாத இடத்தில் வளருகிற எலும்பு இன்னொரு வருத்தம். எனக்கு இரண்டாவது. படத்தில் என் முதுகு கணுக்கணுவாக ஒட்டி, மூங்கில் மாதிரி ஒரே தடியாக இருந்தது.

"இந்த வளைவு எப்படி வந்தது? எங்கே இருந்தாய், எப்படிப் படுத்தாய்?" என்று கேட்டார்.

சாய்மனைக் கதிரையைப் பற்றிச் சொன்னேன். தலையணைகளைப் பற்றிச் சொன்னேன். என் மனுசி எவ்வளவு அன்பாக அடைத்து வைத்தாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த எலும்பு இறுகுவதை யாராலும் நிறுத்த முடியாது, ஆனால் எந்த வடிவத்தில் வைத்திருக்கிறோமோ அந்த வடிவத்தில்தான் அது இறுகும் என்று.

வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. படத்தில் கிடந்தது அந்தக் கதிரையின் வளைவுதான். எனக்கு அந்த வளைவைத் தெரியாதா?

பூரணம், உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஊரில் எந்த நல்ல மனுசியும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் இரண்டு நாள் என்னால் சாப்பிட ஏலவில்லை. அந்த அன்பு இல்லாமல், என்னை ஒரு மரப் பலகையில் போட்டு அடித்துக் கிடத்தக்கூடிய ஒரு பொல்லாத பெண்ணை நான் கட்டியிருந்தால் இன்றைக்கு நிமிர்ந்து நடந்திருப்பேன். அப்படி ஒரு நினைப்பு வந்த மனத்தைக் கழுவவேண்டும். வந்ததே, என்ன செய்ய?

அந்த டாக்குத்தர் கடைசியாகக் கேட்டது, "பிள்ளைகள் உண்டா?" என்று.

ராசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கும் படம் பிடித்தார். கீழே, அந்த முதல் மூட்டு இரண்டு பக்கமும் மங்கிக் கிடந்தது. மேலே இன்னும் ஏறவில்லை. செய்யவேண்டியதைச் சொல்லித் தந்தார். மெத்தை கூடாது, வெறும் பலகை. தலையணை கூடாது. காலையும் பின்னேரமும் குப்புறக் கிடக்கவேண்டும். கடலில் நீந்தவேண்டும். நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கவேண்டும். ஒவ்வொரு காலையும் குதிக்காலும் இடுப்பும் சுவரில் முட்ட நின்று, மோவாயை மட்டமாக வைத்து, பின்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். தொடுகிற வரைக்கும் கழுத்து நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இறுகத்தான் போகிறது. நிமிர்ந்து இறுகட்டும்" என்றார். அந்த மாசமே அவருடைய கப்பல் கிழக்குப் பக்கம் போய்விட்டது. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவர் திருத்தத் தந்துவிட்டு எடுக்காமல் போன மணிக்கூடு இன்னும் என் மேசை லாச்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கைக்கோடாலியை எடுத்து அந்த நாசமாய்ப்போன கதிரையைக் கொத்தினதுதான். ஒரு பகல் முழுக்கக் கொத்தினேன். முதிரை மரம், இலேசில் பிளக்கவில்லை. மனுசி செத்த துக்கத்தில் விசர் பிடிச்சிட்டுது என்று வேலிக்கு அங்கால் நின்று சனம் கதைத்தது. வேலையால் வந்த ராசன் முற்றத்தில் நின்றபடி கத்தினான்.

"அது அம்மான்ரை கதிரை எல்லோ!"

"அதாலைதான் கொத்துறன்."

"அம்மா இருந்திருந்தா உங்களை விட்டிருக்கமாட்டா!"

"உன்ரை அம்மா இருந்திருந்தா உன்னையும் இதிலைதான் இருத்தியிருப்பா. தலையணையும் வைச்சிருப்பா. அவ தைச்சுத் தந்ததைக் கொண்டு வா."

அறைக்குள் போய் எடுத்தவன் என்னிடம் கொண்டுவரவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய பாதம் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நாலைந்து நாள் என்னோடு கதை இல்லை. ஒருநாள் பின்னேரம் அவனாகவே தச்சனிடம் பலகை வாங்கி வந்து தன் அறையில் போட்டான். தலையணையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

லேசு என்று நினைக்காதே. பலகையில் கிடந்த உடம்பு காலையில் முறுக்கிப்போட்ட கயிறு மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழும்புவான். எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஒரு காலை அவன் பலகையைக் காலால் உதைத்தான்.

"எனக்கு ஏலாது அப்பா. வளைஞ்சு படுத்தா நோகாது. ஒரு நாளைக்கு விடுங்கோ."

"ஒரு நாள் எண்டுதான் நானும் தொடங்கினனான்."

"உங்களைப் பாக்கேக்கை எனக்கு ஏன் இந்தப் பாடெல்லாம் எண்டு வருது. எப்பிடியும் இப்பிடித்தானே வரப்போறன்."

"என்னைப் பாத்துத்தானடா சொல்லுறன்! என்ரை முகத்தை நீ கடைசியா எப்ப நேரை பாத்தனி? உன்ரை பிள்ளைக்கும் அந்த விதியோ?"

நானும் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பிறகு அவன் எழும்பிக் கடலுக்குப் போனான். அன்றிலிருந்து போகாத நாள் இல்லை. முள்ளுக்கம்பி போட்டு அடைக்காத ஒரு துண்டுக் கரை இருக்கிறது, சிப்பாய்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூதூரிலிருந்து வந்த காசிம் காக்கா அங்கே அவன் நீந்துகிறதைக் கண்டுவிட்டு வந்து, "உங்கட புள்ள மீன் மாதிரி போறான்" என்றார். கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

காலையில் சுவர்ப் பரிசோதனை என்னுடைய பொறுப்பு. அவன் சாமியறைச் சுவரில் முதுகு வைத்து நிற்பான். நான் பக்கத்தில் நின்று, நிலத்தைப் பார்த்தபடி, கையை மேலே கொண்டுபோய் அவனுடைய பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்ப்பேன். "நாடி மட்டமோ?" என்று மோவாயைக் குறித்துக் கேட்பேன். "ஓம் அப்பா" என்பான். விரல் போகாது. "தொடுது மகன்!" என்பேன். ஒரு மாரி போய்விட்டது, தொட்டது. வெயில் காலம் போய்விட்டது, தொட்டது. முதுகு வலி கூடிக்கொண்டுதான் வந்தது, ஆனால் தலை தொட்டது. பத்திரகாளி கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். சிதறுகாய் பொறுக்க வந்த சனத்தின் கையெல்லாம் தெரிந்தது. "தாயே, என்னோடை நிறுத்திக்கொள்" என்று கேட்டேன். வருகிற வழியெல்லாம் ஒரு பைத்தியக்காரன் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தேன். நீ போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி, போன கிழமை நடந்ததைக் கேள்.

அவன் நீந்திவிட்டு வந்து ஈரத்தோடேயே சுவரில் நின்றான். விரலை விட்டேன், போகவில்லை. "தொடுது" என்றேன். அவனுடைய கழுத்திலிருந்து தண்ணீர் என் கையில் வழிந்தது. தடிமன் பிடிக்கும் என்று என் சால்வைத் தலைப்பால் துடைக்கப் போனேன். தொண்டையில் என் கை பட்டது. தொண்டை இழுத்து விறைத்து, குரல்வளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. எனக்கு விளங்கவில்லை. கையை இன்னும் மேலே கொண்டுபோனேன். மோவாய் இருக்கவேண்டிய இடத்தில் மோவாய் இல்லை. அது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையை அண்ணாத்திப் பின்னுக்குச் சாய்த்து, தொடப் பண்ணிக்கொண்டு நின்றான், பூரணம். எனக்கு நிமிர்ந்து பார்க்க ஏலாது என்று தெரிந்துதான் நின்றான். தன் பின்தலை சுவரைத் தொடுகிறதா இல்லையா என்று தன் தலைக்குத் தெரியாதா? அதை அறிய என் விரல் எதற்கு? எனக்கு அந்த யோசனையே இவ்வளவு நாளும் வரவில்லை. மணிக்கூட்டுக்குள்ளே ஒரு மயிர் கிடந்தால் கண்டுபிடிக்கிறவன் நான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

அவன் மோவாயை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டான்.

"ராசன், எவ்வளவு நாளா?"

"நீங்கள் காளி கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனதுக்கு முதலே." சுவரை விட்டு விலகினான். "ஒரு நாளைக்கு மட்டும் எண்டுதான் அப்பா செய்தனான். நீங்கள் தொடுது எண்டு சொல்லேக்கை, அம்மா செத்தாப் பிறகு முதல் தரமா உங்கடை குரலிலை ஒரு உசார் கேட்டது. பிறகு என்னண்டு சொல்லுறது?"

ஐயோ, இந்தப் பிள்ளையை நீ எங்கே பெற்றாய்? எனக்காக, என் குரலுக்காக, தன் கழுத்தை நோகடித்துக்கொண்டு காலைக்குக் காலை அண்ணாந்து நின்றிருக்கிறான். நீ அவனுடைய வருத்தத்தை எனக்கு மறைத்தாய். இப்போது அவன். என்னைத் தாங்குகிற ஆட்களெல்லாம் ஏன் இப்படியே தாங்குகிறீர்கள்? அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் கட்டிப் பிடித்தால் என் தலை அவனுடைய வயிற்றில்தான் முட்டும். அவன் குனிந்து என் முதுகில் கை வைத்தான்.

"குனியாதை," என்றேன். "நேரை நில்."

அழுது முடிந்ததும் அவன் தானாகவே மறுபடி சுவரில் போய் நின்றான். குதிக்கால் சுவரில் முட்டினதைப் பார்த்தேன். நான் ஒரு கையால் அவனுடைய மோவாயைப் பிடித்து மெல்ல இறக்கி மட்டமாக வைத்தேன். மற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். விரல் போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் போனது. அதற்கு மேலே இடம் இல்லை.

"சொல்லுங்கோ அப்பா," என்றான். "எவ்வளவு?"

எனக்குத் தெரியும், "ஒரு விரல்தான் மகன்" என்று நான் சொன்னால் அவன் நம்புகிற மாதிரி நடிப்பான். நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டே வேலைக்குப் போவான். அந்தப் பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மூண்டு விரல், மகன்," என்றேன்.

அவன் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தான். நெஞ்சு இன்னும் கொஞ்சம் எழும்பினது, என் கைக்குத் தெரிந்தது. "சரி," என்றான். உடுப்பை மாற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான்.

அவ்வளவுதான் பூரணம், சொல்ல வந்தது. எனக்கு நம்பிக்கை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. கோயிலுக்குப் போகவில்லை. சண்டை முடிந்தால் அந்த டாக்குத்தர் திரும்பி வருவாரோ, வேறு மருந்து ஏதும் கண்டுபிடித்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்? பகலில் கடையில் இருந்து அழுகிறேன். குனிந்தபடி இருக்கிறவன் அழுதால் வாசலால் போகிறவனுக்குத் தெரியாது, அது ஒரு வசதி.

ஆனால் உனக்கு ஒன்று வாக்குத் தருகிறேன். நான் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு காலையும் அவனுடைய மோவாயை என் கையால் மட்டமாகப் பிடிப்பேன். மூன்று விரல் என்றால் மூன்று என்றே சொல்லுவேன். நாலாவது விரல் போகிற அன்றைக்கும், அவனுடைய முகத்தைப் பார்க்க ஏலாத நான், நாலு என்று அவனிடம் சொல்லுவேன். எங்கள் வீட்டில் இனி ஒருவரை ஒருவர் அப்படித் தாங்கப்போவதில்லை.

உன் புருஷன்,
ராசனுக்கு அப்பன்.